ஆடி அறுபத்திரண்டு

கருமருதூரில் ஆடி மாதம் அறுபத்திரண்டு நாள் இருந்த வருஷத்தில், அதற்குக் காரணமான லேப்டாப்பை வாங்கியவன் குருலிங்கம் என்று ஊரே விரல் நீட்டியதே தவிர, அதை அவன் தலையில் கட்டியவர் அருணகிரி அண்ணாச்சி என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அண்ணாச்சி வியாபாரிகள் சங்கத் தலைவர், குருலிங்கமோ பொண்டாட்டியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூன்று வேளையும் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெறும் புது மாப்பிள்ளை.

முப்பத்தேழு வயதில் புது மாப்பிள்ளை. ஒன்பது வருஷம் பெண் பார்த்து, பார்த்த பெண்களெல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை பெற்று அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிய பிறகு, ஆனி இருபத்தாறாம் தேதி புதுக்குளம் மாரிச்செல்வியைக் கட்டினான். அவள் வந்தாள், அவன் வீட்டில் திறக்கவே திறக்காத சன்னல்களைத் திறந்தாள், அவன் யோசித்து யோசித்துச் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தன்னால் ஒருத்தர் இப்படிச் சிரிக்கக்கூடும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. ஆறாம் நாள் ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கலாமா, மாமியார் வெள்ளைத்தாய் விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

"ஆவணி ஒண்ணாந்தேதி நானே கொண்டாந்து விட்டுட்டுப் போறேன் மாப்ள," என்றாள். "ஒரு மாசந்தான. வேலையில கெடந்தீங்கன்னா ஓடுறதே தெரியாது."

அவன் வேலை, நாள் காலண்டருக்குப் பக்கம் போடுவது. அச்சுக் கம்பெனிக்காரர்கள் அடுத்த வருஷக் காலண்டரை ஆடியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், அவன் வீட்டிலிருந்தபடியே ஒரு நாளைக்கு ஒரு தாளாக, ராகுகாலம், எமகண்டம், சூலம், ராசிபலன் எல்லாவற்றையும் அந்தந்தக் கட்டத்தில் உட்கார வைத்து அனுப்புவான். அந்த வருஷம் பார்த்துப் பழைய கம்ப்யூட்டர் புகைவிட்டுப் படுத்துக்கொள்ள, ஆடித் தள்ளுபடி என்று ஆளுயரப் பலகை மாட்டியிருந்த அண்ணாச்சி கடைக்குப் போனான்.

"விரிச்சா லேப்டாப்பு," என்று அண்ணாச்சி விரித்துக் காட்டினார். "முழுசா பின்னால மடிச்சா சிலேட்டு. பாதி மடிச்சுக் கவுத்து நிறுத்துனா மேசைக் காலண்டரு. தம்பி தொழிலுக்குன்னே செஞ்சு அனுப்பியிருக்கான்."

"எவ்வளவு இடம் இருக்கும் அண்ணாச்சி?"

"நூத்திருபத்தெட்டு ஜி.பி. ஒரு குடும்பத்துக்குத் தாராளம். பாதி வெலைக்குத் தாரேன், எடுத்துட்டுப் போங்க."

பாதி விலை ஏன் என்று குருலிங்கம் கேட்கவில்லை, தள்ளுபடியில் காரணம் கேட்கிற வழக்கம் கருமருதூரில் இல்லை. ஒரு வருஷம் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு நின்ற சாமான் அது. கடைக்கு வருகிறவர்களை மயக்குவதற்காக அதற்குள் ஏற்றியிருந்த அருவிகளும் பஞ்சவர்ணக் கிளிகளும் எதைத் தட்டினாலும் அழியமாட்டேன் என்றன. மீதியிருந்த இடத்தில் முதல் வேலையாகத் தன் கல்யாண வீடியோவை ஏற்றினான், நாற்பது ஜி.பி., அதை ஏற்றி முடித்த கையோடு பென் டிரைவைத் திருப்பூர்ச் சித்தப்பா மகன் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனான், போனவன் போனவன்தான். அதன் பிறகு லேப்டாப்பைக் கூடாரம் மாதிரிக் கவிழ்த்து அலமாரித் தட்டில் நிறுத்தி, தினம் ஒரு தடவை மாலை மாற்றுவதையும் இரண்டு தடவை அவள் சிரிப்பதையும் பார்த்துவிட்டுக் காலண்டர் வேலை பார்த்தான்.

ஆடி முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், அடுத்த வருஷத்து ஆடி முப்பத்தொன்றாம் தாளை முடித்து உள்ளே போட்டான், போனது. ஆவணி ஒன்றாம் தாளை முடித்துப் போட்டான், இடமில்லை என்றது. நாளைக்கு அவள் வருகிறாள், இந்த நேரத்தில் இது ஒரு பெரிய விஷயமா என்று மூடி வைத்துவிட்டு வீட்டைக் கழுவிவிட்டான். காலையில் முகம் வழித்து, மல்லிகைப் பூ வாங்கி வைத்து, சுவர்க் காலண்டரில் முப்பத்தொன்றைக் கிழித்தான். அடியில், அதே சிவப்பு மையில், அதே எழுத்தில், ஆடி முப்பத்திரண்டு என்று இருந்தது.

அவன் வீட்டில் மட்டுமல்ல, டீக்கடையில், ரேஷன் கடையில், காவல் நிலையத்தில், ஊரில் எத்தனை காலண்டர் தொங்கியதோ அத்தனையிலும் இருந்தது. சில வருஷம் ஆடிக்கு முப்பத்திரண்டு நாள் உண்டுதான் என்று கோயில் பூசாரி சொன்னார், அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் முப்பத்து மூன்று வந்தபோது பூசாரி குளிக்கப் போய்விட்டார். முப்பத்து நான்குக்குக் கொஞ்சம் பேச்சு இருந்தது. முப்பத்தாறுக்குள் ஊர் பழகிக்கொண்டது, தண்ணீர் வராத குழாய்க்குப் பழகிக்கொண்ட ஊருக்கு இது எம்மாத்திரம்.

இங்கிலீஷ் தேதி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் சர்க்காருக்கு ஒரு குறையும் தெரியவில்லை, சம்பளம் வந்தது, கரண்ட் பில் வந்தது, மனு கொடுக்கப் போனவர்களிடம் தாலுகா ஆபீஸில், எங்கள் கோப்பில் தமிழ் மாதத்துக்குக் கட்டமே கிடையாது, கட்டமில்லாத ஒன்று நின்றால் என்ன ஓடினால் என்ன என்று சொல்லிவிட்டார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உலகம் பூராவும் ஆவணி, இந்தப் பக்கம் ஆடி, டவுன் பஸ் கண்டக்டர் பாலத்தில் ஏறும்போதே "ஆடி வருது, வேட்டிய இறுக்கிக்கிடுங்க" என்று குரல் கொடுப்பார், பாலம் இறங்கியதும் சொல்லி வைத்தது போலக் காற்று அடிக்கும். வாடகை வீட்டைக் காலி செய்ய இருந்தவர்கள் ஆடியில் குடி மாறுவதில்லை என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். அம்மனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் கூழ் ஊற்றியது ஊற்றியபடி இருக்க, எட்டாவது வெள்ளிக்கிழமை கூழ் அண்டாவைக் கண்டு ஜனங்கள் சந்துக்குள் ஓடி ஒளிந்தார்கள், ஊற்றுகிறவர்கள் சொம்பும் கையுமாகத் துரத்திப் பிடித்து ஊற்றினார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் ஆவணி முகூர்த்தத்துக்கு வாங்கி வைத்த வாழைத்தார்களைத் தானே சாப்பிட ஆரம்பித்து, முடியாமல், கடைசியில் மண்டபத்தைத் துணி மூட்டை அடுக்கக் கொடுத்துவிட்டார்.

மூட்டை அடுக்க இடம் வேண்டியிருந்தது, ஏனென்றால் வெளியே எங்கும் முடிந்துபோன ஆடித் தள்ளுபடி கருமருதூரில் மட்டும் இருந்தது. வேனில் வந்தார்கள், லாரியில் வந்தார்கள், தூத்துக்குடியிலிருந்து ஒரு தெருவே கிளம்பி வந்தது. ஆடி நாற்பதில் கருமருதூர் கடைவீதியில் நடக்க முடியாது, பையைத் தலையில் வைத்துக்கொண்டு மிதந்துதான் போகவேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குள் முண்டியடித்துக்கொண்டுதான் ஆடி நாற்பத்தொன்றில் குருலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போனான்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்ததுல இடம் நெறஞ்சு போச்சு. ஆவணி உள்ள போகமாட்டேங்குது. உள்ள சேமிக்கிற சில்லு, அந்த எஸ்.எஸ்.டி., பெரிசா ஒண்ணு வாங்கி மாத்திப்புடலாம்னு பாக்கேன்."

அண்ணாச்சி கெட்டிக்காரர். பில் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு நிமிஷம் அவன் முகத்தையும், வாசலில் பிதுங்கிய கூட்டத்தையும், மறுபடி அவன் முகத்தையும் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது.

"ஸ்டாக் இல்ல தம்பி," என்றார் மெதுவாக. "வரும். தீபாவளி கழிச்சு வரும்."

அன்றே சங்கத்தைக் கூட்டினார். கருமருதூர் எல்லைக்குள் எந்தக் கடையிலும் எஸ்.எஸ்.டி. விற்கக்கூடாது, அதைக் கழற்றி மாட்டுகிற சின்ன நட்சத்திரத் திருப்புளியும் விற்கக்கூடாது என்று முடிவாயிற்று. கல்யாண மண்டபத்துக்காரர் ஒருத்தர் மட்டும் எழுந்து, பிரிந்து கிடக்கிற இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், யாரோ அவர் கையில் ஒரு சொம்புக் கூழைக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

குருலிங்கம் தினமும் மத்தியானம் புதுக்குளத்துக்கு போன் போடுவான். அங்கே ஆவணி தேய்ந்துகொண்டு வந்தது.

"நீங்க இங்க வந்து இருந்தா என்னங்க?" என்று மாரிச்செல்வி ஒருநாள் கேட்டாள்.

வெள்ளைத்தாய் போனை வாங்கிக்கொண்டாள். "மாப்ள எப்ப வேணாலும் வரலாம், சாப்புடலாம், சாயங்கால பஸ்ஸுக்குப் போயிரணும். அவுக ஊர்ல ஆடி. எந்த ஊர்ல வந்து நின்னாலும் ஆடிக்காரர் ஆடிக்காரர்தான். ஊர்ல நாலு பேரு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாக."

"இங்க ஆவணி இருவது நாள் போச்சு," என்று மறுபடி மாரிச்செல்வியின் குரல் வந்தது. "புரட்டாசி பொறந்துட்டா அம்மா என்னை அனுப்பமாட்டா. ஐப்பசியில தலத் தீவாளின்னு நீங்கதான் இங்க வரணும். அப்புறம் கார்த்திகைதான். கார்த்திகை வரைக்கும் என்னால முடியாதுங்க." அதைச் சொன்னபோது அவள் குரலில் சிரிப்பே இல்லை. பத்து நாளில் அவளைக் கூட்டி வராவிட்டால் அந்த ஆறு நாள் சிரிப்புதான் தன் பங்குக்கு வந்த மொத்தமும் என்று குருலிங்கத்துக்குத் தோன்றிவிட்டது.

மறுநாளே லேப்டாப்பைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினான். புதுக்குளத்தில் ஜெபமணி அக்கா லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருந்தாள், மெயின் ரோட்டில் கல்யாண மண்டபத்துக்கு எதிர் மாடியில். கண்டக்டர் பாலத்தில் "ஆடி முடிஞ்சுது" என்று சொல்லிப் பழக்கத்தில் சட்டைக் காலரைத் தளர்த்தினார், காற்று நிற்கவில்லை. பஸ்ஸோடு பாலம் தாண்டி வந்தது, புளியமரங்களை உலுக்கிக்கொண்டே பக்கத்தில் ஓடி வந்தது, புதுக்குளம் ஸ்டாண்டில் பஸ் நின்றபோது தானும் இறங்கிக் குருலிங்கத்தின் பின்னாலேயே மாடிப்படி ஏறியது.

ஜெபமணி அக்கா பறந்த பில்களின்மேல் பைபிளை எடுத்து வைத்துவிட்டு, லேப்டாப்பைக் குப்புறப் போட்டு அடிமூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

"மாத்துற மாதிரிதான் இருக்கு தம்பி. இந்தா, வெரல் நீளத்துல இருக்கே, இதுதான். ஒரு டி.பி., இதுக்கு எட்டு மடங்கு, போட்டுக்கிட்டா பத்து வருஷத்துக்கு எந்த மாசமும் நிக்காது. பழசுல உள்ளத அப்படியே நகலெடுத்துப் புதுசுல ஏத்தணும், ஒன்றரை மணி நேரம் ஆகும்." கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "இல்லாட்டி ஒண்ணு செய்யலாம். நாப்பது ஜி.பி.க்கு ஒரு வீடியோ கெடக்கு பாருங்க, அத அழிச்சா இந்த நிமிசமே இடம் வந்துரும். செலவே இல்ல."

"அது எங்க கல்யாணம்க்கா."

"கல்யாணம் நடந்துருச்சுல்ல?"

"நடந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது ஆறு நாளுதான். அத அழிச்சிட்டு என்னத்தப் பாக்கது?"

ஜெபமணி அக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி, ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள் என்றாள். உட்காரக் கொடுத்து வைக்கவில்லை. எதிர் மண்டபத்தில் நாதஸ்வரம் நடுவில் நின்றது. மாங்கல்யத்தைத் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்த சமயம், பெண்ணின் தாய்மாமன் தற்செயலாகச் சுவர்க் காலண்டரைப் பார்த்திருக்கிறார், ஆடி ஐம்பத்திரண்டு என்று இருந்திருக்கிறது. காற்று எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு மொத்தக் கல்யாண வீடும் மாடியேறி வந்துவிட்டது, முன்னால் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை.

"அண்ணே, நீங்க யாருன்னு தெரியாது," என்று அந்த மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். "பத்தரைக்குள்ள தாலி கட்டியாகணும். கொஞ்சம் கெளம்புங்கண்ணே."

தாலி கட்டக் காத்திருக்கிறவன் மனசு குருலிங்கத்துக்குத் தெரியாதா. மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் முகூர்த்தம் தப்பிவிடும் என்று, வாசலில் பூச்சரம் சுற்றி, முன் கண்ணாடியில் மணமக்கள் பெயர் ஒட்டி நின்ற காரிலேயே அவனை ஏற்றி எல்லைக்கு அனுப்பினார்கள். கார் வெள்ளைத்தாய் வீட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். காற்றில் கொடித் துணியைப் பிடிக்க வாசலுக்கு ஓடி வந்த மாரிச்செல்வி, ஐம்பத்திரண்டு நாளாகப் பார்க்காத புருஷன் யாருடைய கல்யாணக் காரிலோ நடுவில் தனியாக, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சம்பங்கி மாலைகளுக்கு ஊடாக விழித்துக்கொண்டு போவதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான், கையை ஆட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி ஆட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, வந்த தண்ணீர் நிற்கவில்லை. ஆடி தெருவுக்கே வந்துவிட்டது என்று அலறிக்கொண்டு வெள்ளைத்தாய் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அந்தச் செய்தி குருலிங்கத்துக்கு முன்பே கருமருதூர் வந்து சேர்ந்திருந்தது. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, வெளியூர் வாடிக்கையாளர் உதவி மையம் என்று எழுதி, நான்கு பேரை உட்கார வைத்தார். வந்து இறங்குகிறவர்களுக்கு மோர் கொடுப்பதும், அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது பைக்குள் விரல் நீளத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அந்த நால்வரின் வேலை. குருலிங்கம் ஊரைவிட்டுக் கிளம்பினால் கூடவே இரண்டு பேர் கிளம்பினார்கள். தபால்காரர் பார்சல்களைக் குலுக்கிப் பார்த்துக் கொடுத்தார். ஆடி ஐம்பத்தெட்டு வந்தது, ஐம்பத்தொன்பது வந்தது, அறுபது வந்தது, குருலிங்கம் வீடியோவின்மேல் விரலை வைத்து, எடுத்து, வைத்து, அழித்துவிட்டால் அவள் வருவாள், அழித்தது தெரிந்தால் என்ன சொல்வாள் என்று ரசஞ்சாதம்கூட இறங்காமல் கிடந்தான்.

வெளியே ஆவணி முப்பது, உள்ளே ஆடி அறுபத்தொன்று, மத்தியானம் இரண்டரை மணி பஸ்ஸில் மாரிச்செல்வி வந்து இறங்கினாள்.

கூறைப்புடவை கட்டியிருந்தாள், கழுத்தில் புது மஞ்சள் மாறாத தாலிக்கயிறு, கையில் ஒரு ஒயர்க்கூடை, துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. புதுப்பெண் ஆடியில் தன்னந்தனியாகப் புருஷன் ஊரில் இறங்குவதைக் கருமருதூர் அதன் ஆயுசில் பார்த்ததில்லை. காலண்டர் நின்றதைக்கூடத் தாங்கிக்கொண்ட ஊரால் இதைத் தாங்க முடியவில்லை. மோர் ஊற்றுகிறவர் டம்ளர் நிறைந்து வழிவது தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தார், மற்ற மூன்று பேரும் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர்களாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் கூடையை யாரும் தொடவில்லை. அவள் தானாகவே ஒரு டம்ளர் மோரை எடுத்துக் குடித்துவிட்டு, கடைவீதிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கதவைத் திறந்த குருலிங்கம் முதலில் அவளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தான்.

"அத்தை எப்படி விட்டாங்க?"

"விடல. அங்க ஆடில்லடின்னாங்க. அங்கதான ஆடி, எனக்கு ஆவணிதானன்னு கெளம்பி வந்துட்டேன்." கூடையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். "நாலு நாளா ஜெபமணி அக்கா கடையில உக்காந்து படிச்சேன். எங்க அந்த லேப்டாப்பு?"

சன்னலடியில் பாயை விரித்து லேப்டாப்பைக் குப்புறப் போட்டாள். திருப்புளியை எடுத்து, கழற்றிய ஒன்பது திருகாணியையும் டிபன் பாக்ஸ் மூடியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். கையிலிருக்கும் மின்சாரம் சாமானுக்கு ஆகாது என்று அக்கா சொன்னபடி இரும்புக் கட்டிலை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள், அவனையும் தொடச் சொன்னாள். மூடி வந்தது. பழையதை உருவி, பழையதையும் புதியதையும் அக்கா கொடுத்துவிட்ட நகலெடுக்கும் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகிப் பொத்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. அருவிகள் போயின, கிளிகள் போயின, மாலை மாற்றியது போயிற்று, முப்பத்தொரு நாள் ஆடியும் போயிற்று, அவ்வளவு நேரமும் இருவரும் பாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விளக்கையே பார்த்தார்கள். பாதியில் அவள் அவன் பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தாள்.

விளக்கு நிலைத்து நின்றது. புதியதைச் செருகி, திருகாணி முடுக்காமலே மூடியை மட்டும் பொருத்தி லேப்டாப்பை நிமிர்த்தினாள். இனி பவர் பட்டனை அமுக்க வேண்டியதுதான், அமுக்கினால் ஆவணி. குருலிங்கம் அறுபத்தொரு நாளாக இதற்காகத் தவம் கிடந்தவன், ஆசையோடு விரலை நீட்டினான்.

மாரிச்செல்வி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுக்குனா என்ன ஆகும்?"

"ஆவணி வரும்."

"ஆவணி வந்தா?"

குருலிங்கம் யோசித்தான். ஆவணி வந்தால் மண்டபத்துக்காரர் வருவார், நின்றுபோன கல்யாணத்துக்காரர்கள் வருவார்கள், அச்சுக் கம்பெனியிலிருந்து ஆவணித் தாள் எங்கே என்று போன் வரும், சாயங்கால பஸ்ஸில் சீர் வரிசையோடு வெள்ளைத்தாயும் வந்து குறைந்தது ஒரு வாரம் தங்குவாள்.

"ஆடியில இந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டாக," என்றாள் அவள்.

மறுநாள் விடியும்போதே அண்ணாச்சி கடையின் தள்ளுபடிப் பலகையைக் கழற்றிவிட்டார். புதுப்பெண் சும்மா வந்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும், இனித் தடுத்துப் பயனில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஆவணி முதல் தேதிக்குக் கும்பிடு போடத் தேங்காய் பழத்தோடு காலண்டர் முன் நின்று தாளைக் கிழித்தார். ஆடி அறுபத்திரண்டு என்று வந்தது. இரண்டு தடவை கண்ணைக் கசக்கிப் பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு குருலிங்கம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார், மூன்றாம் தட்டலுக்குத்தான் திறந்தது. மாரிச்செல்வி ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி நின்றாள்.

"என்னம்மா," என்றார் அண்ணாச்சி, "மாத்தலையா?"

"மாத்திக்கிட்டே இருக்கோம் அண்ணாச்சி. திருகாணி ஒண்ணு காணோம். தேடிக்கிட்டிருக்கோம்."

"தேடுங்கம்மா," என்றார் அண்ணாச்சி. "அவசரமில்ல, பொறுமையாத் தேடுங்க."

அவர் போய்ப் பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னார். மாரிச்செல்வி கதவைத் தாழ் போட்டாள். டிபன் பாக்ஸ் மூடியில் ஒன்பது திருகாணியும் கிடந்தன, குருலிங்கம் அதில் ஒன்றை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டான்.